இருட்டைப் படமெடுத்த டேப்

டேப் ஓடத் தொடங்கியபோது மணி மூன்று பத்து.

ஞாயிற்றுக்கிழமை. ஹடப்சரில் ஏழாவது மாடி. வெளியே மழை. காவ்யா வி.சி.ஆரிலிருந்து வந்த வயரை லேப்டாப்பில் செருகியிருந்தாள். அந்த வி.சி.ஆர்., கேம்ப் பஜாரில் முகமது ரஃபீக்கின் கடையிலிருந்து இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து வந்தது. அம்மாவின் தகரப் பெட்டியில் இருந்த ஒன்பது டேப்புகள் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டன. கல்யாணங்கள், ஒரு காதுகுத்து, யாரோ ஒருவரின் பணி ஓய்வு விழா. இது பத்தாவது.

"சீக்கிரம் ஓட்டுடி," என்றாள் பவுன்.

"ஒரு மணி நேர டேப்னா ஒரு மணி நேரம்தாம்மா. ஜல்தி எல்லாம் நடக்காது. அது ஓட ஓடத்தான் இது புடிக்கும்."

"உங்கப்பன் மாதிரியே பேசு."

பவுன் நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். வீட்டுக்கு யாரோ வரப்போவதைப் போல.

டேப்பில் இருப்பது ராஜா. காவ்யா பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பே இறந்துபோன அண்ணன். குவைத்திலிருந்து லீவில் வந்த மாமா, பெரிய காமிராவைக் கொண்டுவந்து இவர்கள் வீட்டிலேயே வைத்துவிட்டு உறவுக்காரர்களைப் பார்க்கப் போயிருந்தார். அப்பா கோவிந்தராஜ் அந்தக் காமிராவில் ராஜாவின் ஐந்தாவது பிறந்தநாளைப் படமெடுத்தார். மூன்றாம் நாள் மத்தியானம், அப்போது குடியிருந்த கட்கி ஃபேக்டரி குவார்ட்டர்ஸின் பின்கட்டில் இருந்த சிமெண்டுத் தொட்டியில் ராஜா கிடந்தான்.

தொட்டியை ஒரு தகரம் போட்டு மூடியிருப்பார்கள். அன்றைக்குக் கடைசியாகத் தண்ணீர் மொண்டவள் பவுன். மூடினாளா என்று அவளுக்கு நினைவில்லை. அப்பா ஃபேக்டரி ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். நான் பார்க்கவில்லை என்றார்.

அன்றிலிருந்து பவுன் ஒரு டம்ளரைக்கூட இரண்டு முறை மூடுவாள். மூடிவிட்டுத் திரும்பி வந்து பார்ப்பாள். முப்பத்தொரு வருடம்.

டேப்பை மட்டும் அவள் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை. "யாரும் இதுமேல வேற எதையும் எடுத்துடாம இருக்க, இந்தப் பல்ல உடைச்சு வுட்டுடுக்கா," என்று குவைத்திலிருந்து வந்திருந்த தம்பி சொல்லிக்கொடுத்தபடி டேப்பின் முதுகில் இருந்த சிறிய பிளாஸ்டிக் துண்டை உடைத்து, பெட்டியில் வைத்துப் பூட்டினாள். இப்போது எழுபதை நெருங்குகிறாள். ஒரு தடவை அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

டேப்பைப் போடும்போதே காவ்யா பார்த்திருந்தாள். உடைந்த இடத்தில் செலோடேப் ஒட்டியிருந்தது. பழுத்து மஞ்சளாகி, ஓரம் சுருண்டிருந்தது. அதை ஒட்டினால் டேப்பில் மறுபடியும் படமெடுக்கலாம்.

"இத யாரும்மா ஒட்டினது?"

"எனக்கென்ன தெரியும்."

ஹாலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "அதுல ஒண்ணும் இருக்காது. பூஞ்சை புடிச்சிருக்கும். வுடு அத."

திரை கறுப்பாக இருந்தது.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். பவுன் கண்ணை எடுக்கவில்லை.

"அழிஞ்சிடுச்சாடி?"

வெறும் டேப்பாக இருந்தால் திரை நீலமாகும், ரெக்கார்டிங் தானாக நின்றுவிடும். இது நிற்கவில்லை. இதில் படம் இருந்தது. இருட்டின் படம். லென்ஸை மூடி வைத்துவிட்டு யாரோ காமிராவை ஓடவிட்டிருந்தார்கள்.

திரையின் ஓரத்தில் ஒலியைக் காட்டும் பச்சைக் கோடு அசைந்தது. அவள் சத்தத்தைக் கூட்டினாள்.

மூச்சு.

அருகில், மிக அருகில், ஒரு ஆள் மூச்சு விடும் சத்தம். பிறகு இருமல். இரண்டு முறை இருமி, தொண்டையைச் செருமும் இருமல். அவள் பிறந்ததிலிருந்து கேட்கும் இருமல். ஹாலில் செய்தித்தாள் சரசரப்பு நின்றது.

அந்த மூச்சுக்குப் பின்னால், சுவருக்கு அப்பால், ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். கூட நாலைந்து பெண்கள்.

பவுன் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா, இது எப்ப?"

"நான்டி. அழுவறது நான்." அவள் குரல் இறங்கியிருந்தது. "காரியத்தன்னிக்கு. பதினாறாம் நாளு."

அப்படியானால் காரியத்தன்று, வீடு நிறைய ஆட்கள் இருந்தபோது, அப்பா கதவைச் சாத்திக்கொண்டு டேப்பில் இருட்டை நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு மணி நேரம். ராஜாவின் மேல்.

காவ்யா நிறுத்தலாம் என்று கையை நீட்டினாள். பவுன் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

டேப்பில் தண்ணீர் சொட்டியது.

ஒரு சொட்டு. நேரம் விட்டு இன்னொரு சொட்டு. தரையில் ஈரக்கால் ஒட்டி ஒட்டி எடுக்கும் சத்தம். அப்பாவின் மூச்சு நின்றது.

"அப்பா."

சின்னப் பையனின் குரல். சளி பிடித்ததுபோல.

பவுன் அசையவில்லை. அவள் விரல்கள் மட்டும் இறுகின.

"அம்மா ஏன்பா அழுவுது? அம்மா மூடிட்டுதான் போச்சு. நீதான தகரத்தத் தள்ளின."

பச்சைக் கோடு விழுந்து எழுந்தது.

"அம்மாகிட்ட சொல்லட்டுமா?"

இன்னொரு சொட்டு விழுந்தது. பிறகு ஒரு ஆணின் கிசுகிசுப்பு, காமிராவுக்கு மிகப் பக்கத்தில்.

"சும்மா இரு. அம்மாவுக்குக் கேட்டுடும்."

வாசலில் அப்பா நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. லுங்கியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பிளக்கைப் பிடுங்கினார். வி.சி.ஆரின் விளக்கு அணைந்தது. டேப் நின்றது. காவ்யா லேப்டாப்பை மூடினாள்.

அறையில் பாசி வாடை அடித்தது. ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.

பவுன் திரும்பினாள். முப்பத்தொரு வருடமாகத் தன்னைத்தானே கேட்டுக்கொண்டதை முதல் முறையாக அவரிடம் கேட்டாள்.

"நான் மூடிட்டுதான் போனேனா?"

அவர் சுவரைப் பிடித்தார்.

"சொல்லுய்யா."

"மூடிட்டுதான் போன."

"அப்புறம்?"

"தண்ணில வெயில் பட்டுச்சு பவுனு. அவன் மூஞ்சி தண்ணில அப்படியே தெரிஞ்சிது. குனிடா, நான் சொல்ற வரைக்கும் நிமிராதன்னு சொன்னேன். இதே டேப்பு ஓடிட்டிருந்துச்சு, ஒரு கண்ண மூடிட்டு காமிராவுலயே பாத்துட்டிருந்தேன். கால் வழுக்கினது தெரியல. விளையாடறான்னு நெனச்சேன்."

பவுன் அழவில்லை. எழுந்து நின்றாள். மேசையில் தண்ணீர்ச் சொம்பு திறந்திருந்தது. அவள் அதை மூடவில்லை.

காவ்யா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் இருவரையும் பார்க்கவில்லை. தன் இடுப்புக்குப் பக்கத்தில், கீழே எதையோ பார்த்தார். அவர் லுங்கியின் ஓரம் நனைந்துகொண்டே வந்தது. அந்த இடத்தில் துணி கொத்தாகச் சுருங்கியிருந்தது, ஒரு கை பிடித்திருப்பதைப் போல.

குரல் அங்கிருந்துதான் வந்தது.

"அப்பா, இன்னும் எம்மா நேரம்பா குனிஞ்சே இருக்கணும்?"