ஏழு முறை ரத்து

ஆறு மணிக்கு அலாரம் அடித்தது. எழுந்தான். பல் துலக்கினான். பாலைக் காய்ச்சி ஒரு டம்ளரில் ஊற்றினான். ரொட்டி இரண்டு துண்டு. நின்றபடியே தின்றான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்தான். நான்கு மாதமாக இதே வரிசைதான். ஒன்று தவறினாலும் அன்றைய பொழுது நகராது.

பேருந்து நிறுத்தத்தில் போன் வந்தது. இறந்துபோன மனைவியின் அண்ணன்.

"மாப்பிள்ளை, அவ கடைசியா என்ன சொன்னா?"

"தூக்கம் வருதுன்னு சொன்னா, மச்சான். எத்தனை தடவை கேப்பீங்க?"

"அம்மாகிட்ட வேற மாதிரி சொல்லியிருக்கீங்க. கொஞ்ச நேரம் படுத்துக்கறேன்னு சொன்னாளாம். ரெண்டுல எது?"

"ரெண்டும் ஒண்ணுதானே."

"ஒண்ணு இல்ல. அம்மாவுக்கு ஒரு வாய் சோறு இறங்க மாட்டேங்குது. மத்தியானம் உங்க ஆபீசுக்கு வர்றேன். என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க."

அவன் வேலை, மென்பொருள் நிறுவிக்கு முகம் செய்வது. ஐந்து மென்பொருள்களை ஒரே கோப்பாகக் கட்டுவார்கள். உள்ளே ஒன்று ஓசையில்லாமல் அவற்றை ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றும். வெளியே தெரியும் சின்னக் கட்டம், அதில் நகரும் பச்சைக் கோடு, 'ரத்து' பொத்தான், எல்லாம் அவனுடையவை. ஒவ்வொரு படியிலும் உள்ளே இருப்பது கேட்கும்: தொடரவா? முகம் பதில் சொல்ல வேண்டும். கேள்வியும் பதிலும் நேரத்தோடு பதிவாகும்.

சோதனை அறைக்கு ஜன்னல் கிடையாது. ஏசியின் முனகல் மட்டும். எதுவும் ஏற்றாத புதுக் கணினியில் நிறுவியை ஓடவிட்டான். என்னென்ன முன்பே இருக்கிறது என்று அது முதலில் தேடியது. ஐந்துக்கும் எதிரே 'இல்லை' என்று வந்தது. அதுதான் சரி.

கீழே ஆறாவதாக ஒரு வரி.

பெயர் இல்லை. 'ஏற்கனவே உள்ளது' என்று மட்டும் இருந்தது.

எழுந்து போய்ப் பக்கத்து இருக்கைக்காரனைப் பிடித்தான். அலுவலகத்தில் அவனுக்குத் தாடி என்று பெயர்.

"பட்டியல்ல நீ கை வச்சியா?"

"உன் கோப்பை நான் எதுக்குடா தொடறேன்? என் தலைவலியே எனக்குப் போதும்."

"எங்க மச்சான்கிட்ட ஏதாவது பேசினியா?"

தாடி நிமிர்ந்து பார்த்தான். "எந்த மச்சான்? நீ ராத்திரி தூங்கறியா இல்லையா?"

நம்பிக்கை வரவில்லை. காரணம் இருந்தது. அவள் போன அன்று காலை தான் எட்டு மணிவரை தூங்கிக்கொண்டிருந்ததாக அவன் எல்லோரிடமும் சொல்லியிருந்தான். தூங்கவில்லை என்பது தாடிக்குத் தெரியும். ஏழரைக்கு அவன் கேட்டு வாங்கிய கோப்பை அனுப்பியதே தாடிதான்.

திரும்பி வந்தபோது, சோதனை பார்க்கும் அக்கா அவன் கணினி முன் உட்கார்ந்து பதிவைப் படித்துக்கொண்டிருந்தார்.

"இந்த ரத்து பட்டன் சும்மா அழகுக்கு வச்சதா? ஏழு தடவை அழுத்தியிருக்காங்க. ஏழு தடவையும் உன் ஆளு 'தொடர்'னே சொல்லியிருக்கான். செவிடன் காதுல ஊதின சங்குதான்."

"யார் அழுத்தினாங்க?"

"நான் வர்றப்ப ரூம்ல ஈ காக்கா இல்ல. அது போகட்டும், கடிகாரத்தையும் சரி பண்ணு. மணி பத்தாகப் போகுது, இதுல ஏழு நாப்பதுன்னு இருக்கு."

குனிந்து பார்த்தான். முதல் ரத்து, ஏழு நாற்பது. ஏழாவது, ஏழு ஐம்பத்திரண்டு. கணினியின் கடிகாரம் சரியாகத்தான் ஓடியது.

அவள் போன நாளின் அந்தப் பன்னிரண்டு நிமிடம் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. தாடிக்கும் தெரியாது.

அன்று அவன் காதில் ஹெட்போன். திரையில் பச்சைக் கோடு. முதுகுக்குப் பின்னால் கட்டிலில் அவள், நெஞ்சில் தைலம் தேய்த்துக்கொண்டு. கூப்பிட்டாள். "இதோ" என்றான். மறுபடி கூப்பிட்டாள். "இதோ, இது முடியட்டும்." எத்தனை முறை என்று அவன் எண்ணியதில்லை. யாரோ எண்ணியிருக்கிறார்கள். கொஞ்சம் முன்னாடி கவனிச்சிருந்தா என்று ஆரம்பித்த டாக்டர், அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பிழை எளிதில் அகப்பட்டது. தொடங்கிய நாளில், இப்போதைக்கு இருக்கட்டும் என்று எந்தக் கேள்விக்கும் 'தொடர்' என்று பதில் எழுதியிருந்தான். பிறகு மாற்ற மறந்துவிட்டான். மாற்றினான். ஒரு முறை ஓட்டி, பாதியில் ரத்தை அழுத்தினான். கோடு நின்றது. அக்கா தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்.

மச்சான் ஒரு மணிக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டு மேசைக்கு எதிரே நின்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், கையில் ஒரு வேலை வேண்டுமென்று, அவன் நிறுவியை மறுபடி ஓடவிட்டான்.

ஆறாவது வரி அப்படியே இருந்தது.

"சொல்லுங்க மாப்பிள்ளை. நான் சண்டைக்கு வரல."

கோடு நகர்ந்தது. பாதி தாண்டியது. ஏசி நின்றுபோனது.

அறையில் தைல வாசனை.

ரத்தை அழுத்தினான். கோடு நிற்கவில்லை.

மறுபடி அழுத்தினான். மறுபடி.

'தொடர்' என்றது பதிவு. 'தொடர்.' 'தொடர்.'

முதுகுப் பக்கம், சுவருக்கும் நாற்காலிக்கும் நடுவே, ஓர் ஆள் நிற்கும் அளவுக்குத்தான் இடம். அங்கிருந்து யாரோ சிரமப்பட்டு மூச்சை இழுப்பது கேட்டது.

நிமிர்ந்தான். மச்சானின் கண்கள் அவன் மேல் இல்லை. அவன் தோளுக்கு மேலே, பின்னால் எங்கோ நிலைகுத்தியிருந்தன. உதட்டில் நிறமே இல்லை.

"மாப்பிள்ளை," என்றார், காற்றாக. "அவ என்னதான் சொன்னா?"

கோடு நூறைத் தொட்டது. அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான்கு மாதத்தில் முதன்முறையாக உள்ளதைச் சொன்னான்.

"முடிச்சிட்டு ஒரு தடவை திரும்பிப் பாரேன்."