விளிம்பைச் சுற்றி

பத்துத் தோட்டாக்களில் ஒன்றின் அடி விளிம்பில் ஒரு சின்னக் குழி இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை அது இல்லை.

அவள் விளக்கைக் கீழே இழுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். செயற்கைப் பல் செய்வது அவள் தொழில். மயிரிழை மேடு விட்டுப்போனாலும் மறுநாளே வாயைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். அதனால் இல்லாததை இருப்பதாகப் பார்க்கிற கண் அல்ல அது. குழி இருந்தது. கடுகில் பாதி அளவு, கூராக, புதிதாக. மற்ற ஒன்பதும் பெட்டியில் மாசு மறுவில்லாமல் நின்றன.

துப்பாக்கி அப்பாவுடையது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. ஒரே ஒரு தோட்டா போடுகிற பழைய கைத்துப்பாக்கி, மரப்பிடி தேய்ந்து வழுவழுவென்றிருக்கும். அவர் போய் எட்டு மாதம் ஆகிறது. வீடு, நகை எல்லாம் மற்றவர்களுக்குப் போக, அவளுக்கென்று அவர் எழுதிவைத்தது இது ஒன்றுதான். உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்ற அவள் நாலு மாதம் அலைந்தாள்.

"உங்கப்பா ஞாபகத்துக்கு ஒரு கடிகாரம் கொடுத்திருக்கக் கூடாதா?" என்று கணவன் கேட்டான். "அடுத்த சண்டையில நான் பேச்சைக் குறைச்சுக்கணும் போல இருக்கே."

அவள் சிரித்தாள். ஆனால் அந்தத் துப்பாக்கியை விட அவளுக்கு மனமில்லை. தன் விருப்பத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டதற்காக அப்பா பதினோரு வருடம் அவளோடு பேசவில்லை. கடைசி வருடம் மட்டும், பல்லெல்லாம் போன பிறகு, முன்பின் தெரியாத ஆள் மாதிரி அவள் பட்டறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தார். ஆறு தடவை வந்தார். ஒரு தடவைகூட மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்கவில்லை. அவள் செய்து கொடுத்த பல்லோடுதான் போய்ச் சேர்ந்தார். அதன்பிறகு இந்தத் துப்பாக்கிப் பெட்டி வந்தது. மன்னித்துவிட்டார் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

அதனால்தான் ஞாயிறு தவறாமல் மாடிப் பட்டறையில் அதைத் துடைத்தாள். கீலை விடுவித்துக் குழலைச் சாய்ப்பாள். மெல்லிய கம்பியில் துணி சுற்றி உள்ளே விட்டு இழுப்பாள். ஒரு சொட்டு எண்ணெய். கிராம்பும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாடை விரலிலேயே நிற்கும். வெறும் துப்பாக்கியில் விசையை அழுத்தவே கூடாது, பின்னாலிருந்து தோட்டாவை அடிக்கிற சுத்தி குழல் விளிம்பில் மோதி இரும்பைத் தின்றுவிடும் என்று துப்பாக்கிக் கடைக்காரர் சொல்லியிருந்தார். அவள் அழுத்தியதே இல்லை. தோட்டாவைப் போட்டுப் பார்த்ததும் இல்லை.

அடுத்த ஞாயிறு குழிகள் நாலு இருந்தன. பக்கத்தில் பக்கத்தில், வரிசையாக.

துப்பாக்கிக் கடைக்காரருக்குப் போன் செய்தாள். எதையும் அவசரமில்லாமல் சொல்கிற வயதான மனிதர் அவர்.

"இந்த ரகத் தோட்டாவுல மருந்து நடுவுல கிடையாதும்மா. அடியில விளிம்பு மடிச்சிருக்கு பாருங்க, அந்த மடிப்புக்குள்ள வட்டமா இருக்கும். துப்பாக்கிச் சுத்தி விளிம்புல அடிச்சாத்தான் வெடிக்கும். பழசாயிட்டா சில இடத்துல மருந்து உதிர்ந்துபோயிருக்கும். அங்க அடிச்சா வெறும் குழிதான் விழும்."

"நாலு குழி இருக்குங்களே."

"அப்போ யாரோ திருப்பித் திருப்பிப் போட்டு அடிச்சிருக்காங்க. ஒரு இடத்துல இல்லேன்னா இன்னொரு இடத்துல பத்திக்கும். அது வரைக்கும் விட மாட்டேன்னு யாரோ உட்கார்ந்திருக்காங்கம்மா. வீட்டுல யாரு இருக்கா?"

அவள் போனை வைத்தாள். வீட்டில் இருப்பது இரண்டே பேர். கணவன் படியில் வழுக்கி விழுந்து, முழங்காலுக்கு மேல்வரை மாவுக்கட்டுப் போட்டு, ஐந்து வாரமாகக் கீழே கூடத்து நாற்காலியே கதியென்று கிடக்கிறான். பதினாறு படி ஏறி அவன் மாடிக்கு வர முடியாது. துப்பாக்கி இருக்கிற மாடி இரும்பு அலமாரியின் சாவி அவள் கழுத்துச் சங்கிலியில். அப்படியானால் மிச்சம் யார்?

தானேதான் தூக்கத்தில் எழுந்து போகிறோமோ என்று அவளுக்குத் தோன்றியது. மூன்று நாள் மணிக்கட்டைத் துப்பட்டாவால் கட்டில் காலோடு கட்டிக்கொண்டு படுத்தாள். முடிச்சு அவிழவில்லை. நாலாம் நாள் காலை குழிகள் ஏழு.

அன்றைக்கே அவள் தன் தொழில் முறையிலேயே ஒரு காரியம் செய்தாள். பல் அமைக்கும் இளஞ்சிவப்பு மெழுகைச் சாராய விளக்கில் வாட்டி, அலமாரிச் சாவித் துவாரத்தின் மேல் கனமாக அப்பினாள். யார் தொட்டாலும் விரல் ரேகை வரை பதிந்துவிடும். பட்டறைக் கதவையும் வெளியே பூட்டிவிட்டுக் கீழே வந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அன்று முழுக்கப் படிக்கட்டையே பார்த்திருந்தாள். மாடியில் ஒரு சத்தமும் இல்லை. மத்தியானம் மூன்று மணிக்கு மட்டும், வெயில் சுவரில் ஏறி நிற்கிற நேரத்தில், மிக மெல்லியதாக ஒரு 'டிக்'. பல்லி பூச்சியைப் பிடித்தால்கூட இதைவிடச் சத்தம் வரும்.

ஓடினாள். பூட்டு பூட்டியபடி இருந்தது. திறந்தாள். மெழுகு அலமாரியில் இல்லை. தரையில் கிடந்தது.

கையில் எடுத்தபோது அது ஈரமாக இருந்தது. விரல் பதியவில்லை. பல் பதிந்திருந்தது. யாரோ வாயை வைத்துக் கடித்துப் பிய்த்திருக்கிறார்கள். மேலே ஆறு, கீழே ஆறு. கீழ் வரிசையில் இடது கோரைப்பல் கொஞ்சம் உள்பக்கம் திரும்பியிருந்தது. "என் பழைய பல்லு கோணல். இதுவும் கோணலாவே இருக்கட்டும்" என்று அப்பா பிடிவாதம் பிடித்ததால், அவளே மூன்று தடவை கழற்றி மாட்டி அந்தக் கோணலை அமைத்தாள். உலகத்தில் அந்தப் பல்வரிசை ஒன்றுதான். அது இப்போது மண்ணுக்கடியில் இருக்க வேண்டும்.

அவளுக்கு அழுகைதான் முதலில் வந்தது. பயம் அதற்கப்புறம். மன்னிப்பு என்று நினைத்து எண்ணெய் போட்டு, துணியில் சுற்றி, வாரா வாரம் தயாராக வைத்திருந்தவள் அவளேதானே. 

தோட்டாவை எடுத்துப் பார்த்தாள். விளிம்பைச் சுற்றிக் குழிகள் நெருக்கமாக நிறைந்துவிட்டன. ஒரே ஒரு இடம் பாக்கி.

கீழே வந்தபோது கணவன் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"ஏய் பல்லுக்காரி, ஒண்ணு கேட்கணும். கொஞ்ச நாளா மத்தியானம் நான் கண்ணசர்ற நேரத்துல, காதுக்குப் பின்னால எதையோ சில்லுன்னு வெக்கிறியே, அது என்ன விளையாட்டு?"

அவள் பக்கத்தில் போனாள். அவன் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். இடது காதுக்குப் பின்னால், முடி தொடங்குகிற இடத்தில், சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஒரு வட்டம். பளபளவென்று. தொட்டு முகர்ந்தாள். கிராம்பு. மண்ணெண்ணெய்.

மறுநாள் காலையிலேயே துப்பாக்கியையும் பத்துத் தோட்டாக்களையும் பெட்டியில் வைத்துக் கட்டிக் கடைக்குக் கொண்டுபோனாள். கணவனைத் தனியாக விடப் பயம்தான். ஆனால் பெட்டி வீட்டில் இருக்கிற ஒவ்வொரு நிமிடமும் அதைவிடப் பயம். கடைக்காரர் கல்லாவில் இல்லை, சரக்கு எடுக்கப் போயிருந்தார். அவர் வரும்வரை காத்திருந்தாள். பத்து, பதினொன்று, ஒன்றரை. வந்தவர் ஒப்படைப்புத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பெட்டியைத் தன் சொந்தப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினார். "இனி உங்க தலைவலி இல்லம்மா, என் தலைவலி. நிம்மதியா போங்க." அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. தெருவில் வெயில் அடித்தது. ஜனங்கள் நடந்தார்கள். எட்டு மாதத்தில் முதல் முறையாக அவள் கழுத்தில் சாவி கனக்கவில்லை.

வீட்டுத் தெருமுனையில் போன் அடித்தது. கடைக்காரர்.

"பத்துன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. பதிவேட்டுல ஏத்தலாம்னு எண்ணிப் பார்த்தா ஒன்பதுதான் இருக்கு."

"நல்லாப் பாருங்கய்யா."

"ரெண்டு தடவை பார்த்துட்டேன். அந்தக் குழி விழுந்ததைத்தான் காணோம்."

மணி மூன்றாகப் பத்து நிமிடம்.

"துப்பாக்கி? துப்பாக்கி இருக்கா?"

"இருக்கு. என் கையிலதான் இருக்கு."

அவள் ஓட ஆரம்பித்தாள். செருப்பு ஒன்று கழன்றது. எடுக்கவில்லை. போன் காதிலேயே இருந்தது. கடைக்காரர் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். கீலைத் திறந்தாராம். உள்ளே ஒன்றும் இல்லையாம். வெறும் குழல்தானாம். "பதட்டப்படாதீங்கம்மா."

வாசல். கதவு. பூட்டு. சாவி துவாரத்தில் இறங்க மறுத்தது. இறங்கியது.

கூடத்தில் கணவன் வழக்கம்போல ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். முதுகு இவள் பக்கம். மாவுக்கட்டுக் கால் முக்காலியின் மேல். கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"போதும், எடு," என்றான். "இப்பதான் வந்தே, வந்ததும் ஆரம்பிச்சிட்டியா?"

அவள் இன்னும் வாசற்படியைத் தாண்டவில்லை.

"எடுங்கறேன். என்ன இன்னைக்கு இப்படி அழுத்தறே? வலிக்குது."

அவன் பின்னால் யாரும் இல்லை. ஒன்றும் இல்லை. வெயில். தூசி. இடது காதுக்குப் பின்னால் தோல் மட்டும், சின்ன வட்டமாக, உள்ளே அழுந்தியிருந்தது. சுற்றிலும் ரத்தம் விலகி வெளுத்திருந்தது. வட்டம் லேசாக நடுங்கியது. அவள் பார்க்கப் பார்க்க, அவன் தலை அரை அங்குலம் முன்னால் தள்ளப்பட்டது.

அவள் வாசற்படியைத் தாண்டி ஓடினாள். 

"அம்மா," என்றது போன். அந்த நிதானமான மனிதரின் குரல் உடைந்திருந்தது. "அம்மா, லைன்ல இருக்கீங்களா? நான் தொடவே இல்லம்மா. சுத்தி தானா பின்னால போகுது."