காணாமல் போன சிவப்புக் கட்டை

ஐந்தரைக்கு அலாரம் அடித்தது. அவள் குளிக்கப் போனாள். அவன் விளக்கைப் போடாமல் இருட்டிலேயே சட்டையை மாட்டி, மேலே ஜாக்கெட் போட்டுக்கொண்டு, பால் காய்ச்சினான். இரண்டு டம்ளர் காபி. ஒரே பைக். ஆறே காலுக்குக் கிளம்பினார்கள்.

விமான நிலையக் கோபுரம்.

அவளுக்கு வேலை மேல்மாடியில். விமானங்களை இறக்கி ஏற்றும் கன்ட்ரோலர். கணவனுக்குக் கீழ்த்தளத்தில். ரேடியோ, போன் பேச்சுகளைப் பதிவு செய்யும் கருவிகளுக்கு அவன்தான் டெக்னீஷியன்.

ஜாக்கெட்டைக் கழற்றியபடி அவன் தன் அறைக்குள் நுழைந்தான். பாதிப் படி ஏறியிருந்த அவள் திரும்பி ஒருமுறை பார்த்தாள்.

ஏழு ஐந்து. அவன் மேசையில் போன்... மேலிருந்து அவள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்... இருங்க, சீஃப் வந்துட்டாரு. வெச்சிடாதீங்க."

அவன் வைக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து போனை முதலில் வைப்பது அவள்தான். ரிசீவரை மேசையில் படுக்கவைத்துவிட்டு வேலையைப் பார்த்தான்.

ஏழு பதினொன்று.

வெளியே பனிமூட்டம். ஓடுபாதையில் ராணுவப் பயிற்சி விமானம் ஒன்று, பறக்க அனுமதி கேட்டு நின்றது.

அதன் தலைக்கு மேல்... நூற்றுப் பன்னிரண்டு பேரோடு ஒரு பயணிகள் விமானம் இறங்கிக்கொண்டிருந்தது!

கடைசி நொடியில் பைலட் பார்த்துவிட்டார். மூக்கைத் தூக்கினார்.

இடைவெளி, நாற்பது அடி.

மதியம் விசாரணை.

சீஃப் சாவகாசமாகச் சொன்னார். ஐந்து நிமிடம் தன்னை அவள் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, வானிலை அறிக்கை வாங்க அவள் கீழே போனாளாம். பயிற்சி விமானம் நிற்பதைச் சொல்லவே இல்லையாம். ஓடுபாதையில் எது நின்றாலும் கன்ட்ரோலரின் மேசைப் பலகையில் சிறிய சிவப்புக் கட்டை வைக்க வேண்டும். மூட்டத்தில் கன்ட்ரோலருக்கு அதுதான் கண். அந்தக் கட்டை டிராயரில் கிடந்ததாம். புருஷனோடு போனில் கொஞ்சியதில் மறந்திருப்பாள் என்றார்.

அவள் மறுத்தாள். சொன்னதாகவும் வைத்ததாகவும் சொன்னாள். சாட்சி இல்லை. கோபுர அறைப் பேச்சு பதிவாவதில்லை என்பது சீஃபுக்குத் தெரியும்.

விசாரணை அதிகாரி பேனாவைத் திறந்தார். ஒரு கையெழுத்து... அவள் லைசென்ஸ் காலி.

மூலையிலிருந்து கணவன் எழுந்தான்.

"சார், ரூம்ல பேசினா பதிவாகாது. போன் லைன்ல விழுந்தா பதிவாகும். காலையில இவ கூப்பிட்ட போனை நாங்க ரெண்டு பேருமே வெக்கல."

சீஃபின் டீ உதட்டுக்குப் பாதி வழியில் நின்றது.

கருவி ஓடியது. முதலில் அவள் குரல்.

"சார், ரன்வேல பயிற்சி விமானம் நிக்குது. கட்டை வெச்சிருக்கேன்."

"சரிம்மா, போ."

கதவு மூடும் ஓசை. பிறகு சீஃபின் முனகல்.

"எங்க பாத்தாலும் கட்டை. மனுஷன் டீயை எங்கதான் வெக்கறது?"

டக். அது கட்டை. டக். அது டம்ளர்.

அப்புறம் அபாயச் சங்கு. அப்புறம், எண்ணெய் காணாத டிராயர் ஒன்று கிரீச்சிட்டுத் திறந்து மூடும் சத்தம்.

சீஃப் டம்ளரை வைக்க இடம் தேடினார்.

அதிகாரி பேனாவை மூடினார். அவளை வேலைக்குப் போகச் சொன்னார். சீஃபை உட்காரச் சொன்னார். ஆனாலும் அவருக்கு ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. டியூட்டி நேரத்தில் புருஷனைக் கூப்பிட்டு அப்படி என்னதான் சொல்ல வந்தாள்?

அவள் கணவனைப் பார்த்தாள். அத்தனை பேர் முன்னால் கம்பீரமாக நின்றுகொண்டிருந்தான்.

"சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிட்டு வந்திருக்காரு சார்."