மூன்றாம் லைனில் நாலு ஆம்பியர்

சுவிட்சை இறக்கிய பிறகும் மூன்றாம் லைனின் முள் பூஜ்யத்துக்கு வரவில்லை. நாலு ஆம்பியரில் நின்று லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. சங்கையா மீட்டர் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தான், பாடாத ரேடியோவைத் தட்டுகிற அதே நம்பிக்கையோடு. முள் இறங்கவில்லை.

சூரியநெல்லிக்குக் கீழே இருந்த அந்தச் சின்ன சப் ஸ்டேஷனில் 1976 பங்குனி முழுக்க இதுதான் வேலை. அந்தி மயங்கி, மூடுபனி ஜன்னலில் ஈரமாக அப்பும் நேரத்தில், தொழிலாளர் குடியிருப்பு லயங்களில் விளக்குகள் எரியத் தொடங்கி, தேயிலை பாக்டரிகளும் ஓடிக்கொண்டிருக்க, வோல்டேஜ் படிப்படியாகச் சரியும். ஒரு லைனை நிறுத்தாவிட்டால் மலை முழுக்க ஒரேயடியாக இருண்டுவிடும். மேலிடத்திலிருந்து போன் வந்ததும் மூன்றாம் லைனை அரை மணி நேரம் நிறுத்துவான்.

இன்று அதே லைனின் கோடியில், எஸ்டேட் ஆஸ்பத்திரியில், அவன் மனைவி முத்துப்பேச்சி பிரசவ வலியில் கிடந்தாள். முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை.

"பெரியமுத்து, கம்பத்துல யாரும் ஏறியிருக்காங்களாடா?"

"இங்க லைன்மேன் நான் ஒருத்தன்தான அண்ணே. ஒங்க முன்னாலதான உக்காந்திருக்கேன்."

போன மாசம் வரை மொக்கையனும் இருந்தான். கம்பத்தில் ஏற எழுத்தில் அனுமதி வாங்க, சப் ஸ்டேஷனுக்கு நாலு மைல் நடக்க வேண்டும். அதனால் கரண்ட் நிற்கும் அரை மணியில் பாக்டரி போனில் "ஏறட்டுமா அண்ணே?" என்று கேட்டுவிட்டு ஏறுவது லைன்மேன்களின் வழக்கம். அன்றும் மொக்கையன் கேட்டான். "ஏறு" என்றான் சங்கையா. வோல்டேஜ் சீக்கிரமே தேறிவிட, சொன்னதை மறந்து சுவிட்சைப் போட்டுவிட்டான். விசாரணையில், போனே வரவில்லை என்று சாதித்தான், பாவி. கம்பத்தடியில் வீசிய கருகிய நாற்றம் அதன் பிறகு அவன் மூக்கை விட்டுப் போகவேயில்லை.

இப்போது அந்த நாற்றம் அறைக்குள் இருந்தது.

வோல்டேஜ் ஏறியது. மூன்றாம் லைனைப் போடலாம் என்று உத்தரவு வந்தது. போனை வைத்ததும் மறுபடி அடித்தது. ஆஸ்பத்திரி ஆயா வேலுத்தாய்.

"தம்பி, தலை தெரியுது. வெளிச்சம் இல்லாம முடியாதுங்காரு டாக்டரு. சீக்கிரம் போடுங்க!"

சுவிட்சை நோக்கி ஓடினான். மீண்டும் போன். எடுத்தான். காற்றின் இரைச்சல். கம்பியின் ரீங்காரம். அப்புறம், நன்றாகத் தெரிந்த குரல்.

"அண்ணே, ஏறிட்டேன். போட்டுறாதீங்க."

முள் நாலில் துடித்தது.

"யாரு அண்ணே?" என்றான் பெரியமுத்து.

"யாருமில்ல. போனே வரல."

ரிசீவரை வைத்தான். கண்ணை மூடினான். போட்டான்.

முள் கோடிக்குத் தாவியது. நின்றது. இறங்கியது. நாற்றம் நெஞ்சை அடைத்தது.

போன் அடித்தது. எடுத்தான். மறுமுனையில் ஒரு குழந்தை வீறிட்டது. சங்கையாவுக்கு அழுகை பொங்கியது.

"ஆயா! உசுரோட இருக்கா?"

"ஆத்தாளும் நல்லாருக்கா. ஆம்பளப் பிள்ள. கரண்டு வந்த நிமிசம் பெறந்துச்சு." ஆயாவின் குரல் தடுமாறியது. "ஆனா தம்பி, ரெண்டு உள்ளங்கையும் கரிஞ்சிருக்கு. விரலை விரிக்கவே முடியல. எதையோ புடிச்சமானிக்கே இருக்கு."

குழந்தை மறுபடி வீறிட்டது. அது வீறிடும்போதெல்லாம் மூன்றாம் லைனின் முள் துடித்தது.