போஸ்டர் பெண்ணைப் பிடி!

டிரிங்... டிரிங்...!

வாவிக்கரைப் பொலிஸ் நிலையத்தில் காலைத் தேநீர் ஆறுவதற்குள் தொலைபேசி அலறியது.

கொன்ஸ்டபிள் மர்சூக் எடுத்தான்.

"சேர்... ஸ்டூடியோவில ஒராள் செத்துக் கிடக்கார். வாங்க."

பெண் குரல். பதற்றமே இல்லை!

"எப்பிடிச் செத்தார்?"

"அடிபட்டு."

"ஆர் செத்தது?"

"படம் பிடிக்கிற நிலோஜன்."

மர்சூக்கின் கையிலிருந்த தேநீர் அவன் காற்சட்டையில் கொட்டியது.

நிலோஜனைத் தெரியாதவர்கள் மட்டக்களப்பில் உண்டா? கல்யாணப் படம் எடுப்பவன்தான். ஆனால் அவனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு போஸ்டர்!

கறுப்பு வெள்ளைப் படம். ஒரு மூலையில் குந்தியிருக்கும் பெண். கிழிந்த நைட்டி. முகத்தை மூடிய பரட்டைத் தலை. அந்தத் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இரண்டு கைகள். காலடியில் உடைந்த கண்ணாடி. சுவர் முழுக்கக் கரிக்கிறுக்கல்.

கீழே கொட்டை எழுத்தில், 'மனநோயாளரை அன்போடு அரவணைப்போம்!'

அரவணைப்பதா? அந்தப் படத்தைப் பார்த்த பிள்ளைகள் தனியாகக் கக்கூசுக்குப் போகப் பயந்தார்கள்!

"இது என் மனைவி. மனச்சிதைவு நோய். அவளுடைய வேதனையைத்தான் படமாக்கினேன்" என்று மேடை மேடையாகக் கண்ணைத் துடைத்தான் நிலோஜன். விருது கொடுத்தார்கள். பஸ் தரிப்பிடம், ஆஸ்பத்திரிச் சுவர், ஓட்டோவின் முதுகு... எல்லா இடத்திலும் ஒட்டினார்கள். மனைவியை மட்டும் அவனோடு யாரும் பார்த்ததில்லை. ஆரையம்பதி வீட்டை விட்டு அவளை அவன் எங்கும் கூட்டி வந்ததே இல்லை.

ஜீப் ஸ்டூடியோ வாசலில் கிரீச்சிட்டு நின்றது.

பொறுப்பதிகாரி சாமித்தம்பி குதித்து இறங்கினார். உள்ளே நிலோஜன் தரையில் மல்லாந்து கிடந்தான். மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் இரத்தம் தோய்ந்த லைட் ஸ்டாண்ட்!

வரவேற்பு மேசையருகே ஒரு பெண் நின்றாள். கஞ்சி போட்ட பருத்திச் சாறி. எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய தலை. மர்சூக்குக்குக் கதிரையை இழுத்துப் போட்டாள்.

"நீங்கதானே போன் எடுத்தது?" என்றார் சாமித்தம்பி.

"ஓம் சேர். அவர்ட பெண்சாதி..."

"தெரியும்! போஸ்டரில இரிக்கிற அந்த விசரி ஆளைக் கொன்றுபோட்டு ஓடிட்டாள். நீங்க பயப்படாம இரிங்க தங்கச்சி."

"நான் சொல்லுறதைக் கொஞ்சம் கேளுங்க சேர்..."

"வாக்குமூலம் பிறகு. ஸ்டேஷனுக்கு வந்து வாங்குப் பலகையில இரிங்க." சுவரில் இருந்த போஸ்டரைச் சரக்கென்று கிழித்தார். "மர்சூக்! இதைப் படம் எடுத்து எல்லா ஸ்டேஷனுக்கும் அனுப்பு. ஊர் வட்ஸ்அப் குறூப் எல்லாத்திலயும் போடச் சொல்லு!"

"அனுப்பாதீங்க சேர்!" அந்தப் பெண்ணின் குரல் முதல் தடவையாக உடைந்தது. "ஆராவது பாவப்பட்டதுகள் அடி வாங்கும்."

"கொலைகாரிக்கு வக்காலத்தா? வாயை மூடிட்டு ஜீப்பில ஏறுங்க!"

இரக்க குணம் கூடிய றிசெப்சன் புள்ளை என்று நினைத்துக்கொண்டார் சாமித்தம்பி. பொலிஸ் மூளை!

படம் பறந்தது.

அடுத்த ஒரு மணி நேரத்தில் வாவியின் இரு கரையிலும் தலை விரித்த பெண்ணுக்கெல்லாம் கெட்ட காலம்! வவுணதீவில் முழுகிவிட்டுத் தலை காயவைத்தவளை வளைத்துப் பிடித்தார்கள். இன்னொரு ஊரில் அம்மன் கோயில் சடங்கில் தெய்வம் ஆடிக்கொண்டிருந்தவளைத் தூக்கி ஓட்டோவில் போட்டார்கள்.

"அம்மாள் இறங்கியிரிக்கா, தொடாதீங்க!" என்று பூசாரி கதறினார்.

"எந்த அம்மாள் எண்டாலும் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்க!"

செட்டிபாளையத்தில்தான் கொடுமை நடந்தது.

இராசாத்தி கழுத்தளவு தண்ணீரில் நின்று கையால் இறால் தடவிக்கொண்டிருந்தாள். அது அவள் பிழைப்பு. கொண்டை அவிழ்ந்து முடி முகத்தை மூடியிருந்தது. கரைக்கு ஏறினாள். எதிரே ஒரு கூட்டம்! கையில் கைபேசி. கைபேசியில் போஸ்டர்.

"இவள்தான்டா!"

"என்னடா பாக்கிறீங்க, நாசமாப் போறவனுகளே!" கத்தினாள்.

கத்தக் கத்த அவள் இன்னும் பொருத்தமான விசரி ஆனாள். யாரோ ஒருவன் துடுப்பை ஓங்கினான். முன்பல் தெறித்தது. அவள் இடுப்பில் கட்டிய பறிக் கூடையில் இருந்த இறாலை இன்னொருவன் தன் பையில் கொட்டிக்கொண்டான். நல்ல சனங்கள்!

பின்னேரம். பொலிஸ் நிலையம்.

மற்ற இரண்டு பேரையும் சொந்தக்காரர் வந்து கூட்டிப் போய்விட்டார்கள். இராசாத்திக்கு வர ஆளில்லை. கயிற்றால் கட்டிக் கம்பிக் கூட்டுக்குள் தள்ளியிருந்தார்கள். வாயில் இரத்தம்.

"உனக்குக் குரல் கேக்குதா?" உறுமினார் சாமித்தம்பி.

"கேக்குது! நீ கத்துற குரல் காதைப் பிளக்குது!"

"எழுது மர்சூக். குரல் கேக்குதாம்."

"சேர், அது..."

"எழுதுடா! ஒப்புக்கொள்ளாட்டி மற்றப் பல்லும் மிஞ்சாது!" பிரம்பைத் தூக்கினார்.

"அவளை விடுங்க!"

காலையிலிருந்து வாங்கில் உட்கார வைக்கப்பட்டிருந்த பெண் எழுந்து வந்தாள். சாறி மடிப்புக்கூடக் குலையவில்லை. கண்கள் மட்டும் சிவந்திருந்தன.

"நிலோஜன்ட பெண்சாதி நான். கேதீஸ்வரி. நான்தான் அடிச்சன்."

சாமித்தம்பி சிரித்தார். "தங்கச்சி, பாவம் பாத்துப் பொய் சொல்லப்படாது. உங்களைப் பாத்தா ஆர் நம்புவான்?"

அடையாள அட்டையை மேசையில் வைத்தாள். மர்சூக் பெயரை வாசித்தான். கணவன் பெயரைக் கேட்டான். வீட்டு விலாசம் கேட்டான். பிசகில்லை!

"எத்தினை தரம் சொல்ல வந்தன்? நீங்க வாய் திறக்க விடல்லயே!"

சிரிப்பு நின்றது. பிரம்பு கீழே விழுந்தது.

"அப்ப... உங்களுக்குத்தான் மனச்சிதைவா?"

"ஓம். மாசாமாசம் கிளினிக் போறன். மருந்துக் குளிசை போட்டா சமைப்பன், தைப்பன், மகளைப் பள்ளிக்கு அனுப்புவன். பஸ்ஸில உங்கட பக்கத்தில இருந்தாலும் உங்களுக்குத் தெரியாது."

"குரல் சொல்லித்தானே அடிச்சீங்க?" சாமித்தம்பியின் முகத்தில் ஆசை ஒட்டியிருந்தது.

"இல்ல சேர். குரல் கேட்ட நாளில நான் ஒரு ஈயைக்கூட அடிக்கல்ல. இண்டைக்கு ஒரு குரலும் கேக்கல்ல. நல்ல தெளிவா அடிச்சன்."

மர்சூக் பேனாவைக் கீழே வைத்தான்.

"ஏன்?"

"போன வருசம் என்ட குளிசைய எடுத்துப்போட்டு, அதே மாதிரி வேற குளிசை வச்சார். எனக்கு நோய் திரும்பி வரோணுமாம். அதைப் படம் எடுக்கோணுமாம். வந்திச்சு. நான் சோத்தைப் பாத்துக்கொண்டு சும்மா இருந்தன். நாட்கணக்கா. அவ்வளவுதான் சேர் என்ட விசர். 'இப்பிடிக் குந்தியிருந்தா ஆருக்கு விளங்கும்? தலையைப் பிய்! கத்து!' எண்டு கன்னத்தில அறைஞ்சார். என்ட மகள் என்னைக் கண்டு பயந்து அழுதாள்."

மேசையிலிருந்த அடையாள அட்டையை நேராக்கி வைத்தாள்.

"இப்பத்தான் திரும்ப என்ட மடிக்கு வாறாள். காலையில குளிசைப் போத்திலைத் திறந்தா... திரும்பவும் மாத்தியிரிக்கார்! அவர்ட கமராப் பைக்குள்ள என்ட குளிசை. ஸ்டூடியோவுக்குப் போய்க் கேட்டன். 'இந்த முறை வெளிநாட்டுப் போட்டி, கொஞ்சம் ஒழுங்கா நடி' எண்டு சிரிச்சார். பக்கத்தில ஸ்டாண்ட் இருந்திச்சு."

இராசாத்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "இன்னுமொண்டு போட்டிருக்கோணும் கா நீ!" என்றாள் இரத்தத்தைத் துப்பி.

சாமித்தம்பி வியர்வையைத் துடைத்தார். "சரி... அந்தப் போஸ்டரில நீங்க எப்பிடி இருந்தீங்க, இப்ப எப்பிடி..."

"அது நான் இல்ல."

"என்ன...?!"

"ஸ்டூடியோவில இருந்து கொண்டுவந்த கமராவைப் பாருங்க. பழைய படமெல்லாம் அதிலதான் வச்சிரிக்கார்."

மர்சூக் கமராவை இயக்கினான். படங்களைத் தள்ளினான். அதே மூலை. அதே நைட்டி. அதே பரட்டை. மறுபடி அதே. மறுபடி...

கடைசிப் படம்!

இரண்டு கைகள் அந்தப் பரட்டைத் தலையை அப்படியே கழற்றித் தூக்கியிருந்தன. அடியில் கருகருவென்று மீசை! பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு!

நிலோஜன்!

"யா அல்லாஹ்!" என்றான் மர்சூக்.

"என்ட விசர் அவருக்குக் காணாதாம்" என்றாள் கேதீஸ்வரி. "கூத்துக்காரர்ட்ட டோப்பா முடி வாங்கி, என்ட நைட்டியப் போட்டு, தானே குந்தியிருந்து, கமராவில ரைமர் வச்சு எடுத்தார்."

சாமித்தம்பி கதிரையில் தொப்பென்று விழுந்தார். வாவியின் இரு கரையும் ஓடி ஓடித் தேடியது யாரை...?

"எனக்குத் தண்ணி தாங்க" என்றாள் அவள். "குளிசை போடுற நேரம்."

மர்சூக் ஓடிப்போய்க் கொண்டுவந்தான். அப்போது வயர்லெஸ் கரகரத்தது. ஏதோ சோதனைச் சாவடி.

"சேர்! போஸ்டரில இரிக்கிற ஆளை இன்னும் தேடுறம். கண்டா உயிரோட பிடிக்கிறதா, சுடுறதா?"

சாமித்தம்பி வயர்லெஸ்ஸை நீட்டினார். மர்சூக் வாங்கிப் பேசினான்.

"உயிரோட கிடைச்சா எங்களுக்கும் ஒருக்காக் காட்டுங்க மச்சான்... ஆள் காலையில இருந்து பிரேத அறையில படுத்திரிக்கார்!"