உள்ளிருந்து வீசிய காற்று

கூடத்து ஜன்னலின் திரை, யாரோ வெளியிலிருந்து பிடித்து இழுப்பது போல, மூடிய ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்தாள். ஜன்னல் சரியாகச் சாத்தாத வீட்டில் காற்றடித்தால் திரை உள்பக்கம்தானே உப்பும்? இங்கே அதன் ஓரம், சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே விட்டுப்போன சந்துக்குள் நுழைந்து, வெளியே நாக்கு நீட்டியது மாதிரி துடித்துக்கொண்டிருந்தது. பிடித்து உள்ளே இழுத்தாள். கையை எடுத்ததும் மறுபடி போய் ஒட்டிக்கொண்டது.

அம்மா இறந்த மறு வாரமே அண்ணனும் அண்ணியும் பக்கத்துத் தெருவில் வாடகைக்குப் போய்விட்டார்கள். சொந்த வீடு இருக்கும்போது எதற்கு வாடகை என்று கேட்டதற்கு அண்ணி, "உனக்கென்ன, வந்து போற ஆளு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த முகத்தில் இனி விழிக்கவே வேண்டாம் என்றுதான் வீட்டை விற்று முடிக்க அவள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

வீட்டு புரோக்கர் காலையில் வந்து ஒவ்வொரு ஜன்னலாக ஆட்டிப் பார்த்தார். எல்லாம் உள்பக்கம் திறக்கும், கண்ணாடி பதித்த பழைய மர ஜன்னல்கள், வெளியே கம்பி. மரம் கோணிப்போய், கொக்கி எதுவும் மாட்டவில்லை.

"ரெண்டு பார்ட்டி கேக்கறாங்க மேடம். ஒருத்தர் இடிச்சுட்டு புதுசாக் கட்டறவரு. அவருக்கு ஜன்னல் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். இன்னொண்ணு ஒரு குடும்பம், கைக்குழந்தையோட இருக்காங்க. அவங்களைக் கூட்டிட்டு வந்தப்ப உங்க வீடு நாலு பக்கமும் விசிலடிக்குது. பஸ் கிளம்பப் போகுதோன்னு நானே திரும்பிப் பாத்துட்டேன். ஜன்னலை மட்டும் சரி பண்ணிக் குடுங்க, முடிச்சுடலாம்."

அவர் போனதும் அண்ணிக்குப் போன் போட்டாள். கையெழுத்துக்கு அண்ணனும் வேண்டும். அண்ணன் என்றால் அண்ணிதான்.

"ஜன்னல்ல கை வைக்காதே," என்றாள் அண்ணி. "இடிக்கறவருக்கே குடு."

"ஏன் அண்ணி? அந்தக் குடும்பம் வீட்டை நல்லா வெச்சுக்குவாங்க."

"குடும்பம் வேண்டாம்னுதான் சொல்றேன். அதுவும் குழந்தையோட."

"காரணத்தைச் சொல்லுங்களேன்."

"சொன்னா கேக்கற ஆளா நீ? கல்யாணம் ஆகி வந்ததிலேர்ந்து அந்த வீட்ல ஜன்னலோரமாத்தான் தலை வெச்சுப் படுத்தேன். ஏன் அண்ணின்னு ஒரு நாள் கேட்டிருப்பியா? வாயை மூடிட்டு வித்துட்டுக் கிளம்பு."

வாயை மூடு. எத்தனை வருடமாக இதே பேச்சு! அவளுக்குக் காது மடல் சுட்டது. இடிக்கிறவரிடம் அண்ணி தனியாக ஏதோ பேசி வைத்திருக்கிறாள், வேறென்ன? அம்மாவுக்கும் இந்தக் கிறுக்கு உண்டு. சாரலில் கட்டில் நனைந்தாலும் ஜன்னலை முழுக்கச் சாத்த விடமாட்டாள். கொஞ்சம் சந்து இருக்கட்டும், இருக்கட்டும் என்பாள். மாமியாரோடு ஒரு நாளும் ஒத்துப்போகாத அண்ணி இதை மட்டும் சொத்து மாதிரி வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். வீம்பு தலைக்கேற, அவள் உடனே தச்சரைக் கூப்பிட்டாள். மதியத்துக்கு மேல் வருவதாகச் சொன்னார்.

காத்திருந்த நேரத்தில் சோபாவில் சாய்ந்தாள். வெளியே மரத்தில் ஓர் இலை அசையவில்லை. எதிர் வீட்டு மாடியில் காயப்போட்ட துணிகள் அட்டை போல விறைத்துத் தொங்கின. ஆனால் வீட்டுக்குள், கூடத்திலும் படுக்கையறையிலும் ஸ்டோர் ரூமிலும், எல்லாச் சந்துகளிலும் ஒரே நேரத்தில் அந்த மெல்லிய சீழ்க்கை. கூடவே பல காலம் திறக்காத தகரப் பெட்டியைத் திறந்தால் வருகிற வாடை, ஈரமும் துருவும் பழைய துணியும் கலந்தது, அவள் முதுகுப்புறமிருந்து கிளம்பி, கழுத்து முடியைத் தடவிக்கொண்டு, ஜன்னலை நோக்கிப் போயிற்று. அவளுக்கு வேலை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது. மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க என்று நாள் முழுக்க ஊரார் நெஞ்சுக்குச் சொல்லிக் கொண்டிருப்பவள். அதனால்தானோ என்னவோ, அந்தச் சத்தம் என்னவென்று அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது.

விடுகிற மூச்சு. நீளமாக, நிதானமாக.

இழுக்கிற சத்தத்துக்காகக் காத்திருந்தாள். வரவில்லை.

தச்சர் வந்து கூடத்து ஜன்னலருகே ஒரு தீக்குச்சியைக் கிழித்துப் பிடித்தார். சுடர் வெளியே பார்த்துச் சாய்ந்தது. "வழக்கமா இந்தப் பக்கம்ல சாயும்," என்றார். "அடுப்படியில ஏதாவது திறந்திருக்கும், பாருங்க." அவள் போய்ப் பார்த்தாள். எதுவும் திறந்திருக்கவில்லை. அப்படியானால் இவ்வளவு காற்று எங்கிருந்து வருகிறது? கேட்க நினைத்தாள். அதற்குள் அவர் இழைப்புளியை எடுத்துவிட்டார். வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அண்ணி சிரிப்பாள் என்று தோன்றியது.

மரத்தைச் சீவி, ரப்பர் பட்டை ஒட்டி, புதுக் கொக்கி போட்டு, ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டே வந்தார். சமையலறைக் காற்றுத் துளைக்கும் கண்ணாடி போட்டார். வாசற்கதவின் அடியில்கூட ரப்பர். ஒன்று அடைபட அடைபட, மிச்சமிருந்தவற்றில் சீழ்க்கை ஏறியது. கடைசியாக ஸ்டோர் ரூம் ஜன்னல். அங்கே காற்று மரத்தூளை அள்ளிக்கொண்டு கம்பி வழியே பீய்ச்சியடித்தது. கதவைச் சட்டத்தோடு பொருத்தி அவர் கொக்கியை மாட்டியபோது அவருடைய காதுகள் சிவந்திருந்தன.

"இனிமே ஒரு கொசு வராது," என்று சிரித்தார்.

அவர் போனதும் வாசற்கதவு, அவள் தொடாமலே, தானாகச் சாத்திக்கொண்டது.

அமைதி. அந்த வீட்டில் அவள் கேட்டே இராத அமைதி. திரைகள் நேராகத் தொங்கின. ஜெயித்துவிட்டது போலத்தான் முதலில் இருந்தது. பிறகு காது அடைத்தது. எச்சில் விழுங்கினாள். விட்டது. மறுபடி அடைத்தது. அலமாரிக் கதவு ஒன்று மெல்ல முனகி உள்பக்கமாக அழுந்தியது. மேஜையில் இருந்த காலித் தண்ணீர் பாட்டில் டப்பென்று நசுங்கிற்று. ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த எதிர் வீடு கொஞ்சம் வளைந்திருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். வீடு வளையவில்லை. கண்ணாடி வெளிப்பக்கமாகப் புடைத்திருந்தது.

வாசலுக்கு ஓடினாள். கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். கதவு அசையவில்லை. சுவரில் காலை உதைத்து இழுத்தாள். உள்ளே நிறைந்திருந்த எதுவோ அதன் மேல் சாய்ந்து நின்றது. ஜன்னலுக்குப் போனாள். கொக்கி கழன்றது. ஜன்னல் வரவில்லை.

போன் அடித்தது. அண்ணி.

"தச்சர் கருவியோட போறதைப் பாத்தேன். எத்தனை ஜன்னலை அடைச்ச?"

"எல்லாத்தையும்... அண்ணி, கதவு திறக்க மாட்டேங்குது."

"ஒண்ணுகூட விடலையா?"

"இல்ல."

மறுமுனையில் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. "வாயை மூடிக்கோ."

"இப்பக்கூடவா அண்ணி—"

"திட்டலடி! வாயை மூடு. மூக்கைப் பொத்து. நான் வந்து கண்ணாடியை உடைக்கிறேன். அது வரைக்கும் வாயைத் திறந்துடாதே!"

"ஏன்?" என்றாள் அவள்.

அந்த ஒரு சொல்லுக்குத்தான் வாய் திறந்தது.

மூட முடியவில்லை. ஈரத்துணியைச் சுருட்டித் திணிப்பது போல. நாக்கின் மேல். தொண்டையில். அதற்குக் கீழே. அவள் இழுக்கவில்லை. அதுவாக உள்ளே போயிற்று. துரு. ஈரம். பழைய துணி. விலா எலும்புகள் ஒவ்வொன்றாக விரிந்தன. சட்டைப் பொத்தான் தெறித்தது. கூடம் காலியாயிற்று. படுக்கையறை. ஸ்டோர் ரூம். எல்லாம் வந்தது. எல்லாம்.

காது திறந்துகொண்டது.

கண்ணாடிகள் நேராகியிருந்தன. அவள் கைபட்டதும் வாசற்கதவு இலேசாகத் திறந்தது. மாலை வெயில். தெருவில் பிள்ளைகள் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கோ குக்கர் சத்தம். முடிந்துவிட்டது என்று நினைத்தாள். உடம்பு தளர்ந்தது. நிம்மதியாக மூச்சை விட்டாள்.

விட்டாள்.

விட்டுக்கொண்டே இருந்தாள்.

நிற்கவில்லை. உதட்டை இறுக்கினாள். மூக்கு வழியே வந்தது. மூக்கைப் பொத்தினாள். கண்ணோரம் சில்லென்று காற்று கசிந்தது. கையை எடுத்தாள். அண்ணி கேட்டைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள், கையில் சுத்தியல். படியில் கால் வைத்தவள் அப்படியே நின்றாள். அண்ணியின் முன்முடி பின்னுக்குப் பறந்தது. அண்ணி, காப்பாத்துங்க என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. காற்று வந்தது.

அண்ணியின் முகத்தில் கோபம் இல்லை. வெறுப்பு இல்லை. அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு உண்மையாகவே பயம் வந்தது.

அண்ணி தெருவைத் திரும்பிப் பார்த்தாள். பிள்ளைகளைப் பார்த்தாள். ஒரு கையால் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டு, மறு கையால் கதவை வெளியே இழுத்துச் சாத்தினாள். வெளித்தாழ்ப்பாள் விழுந்தது.

"வெளிய விட மாட்டேன்," கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணியின் குரல் உடைந்து கேட்டது. "குழந்தைங்க இருக்கு."

அவள் ஜன்னலுக்கு ஓடி, கண்ணாடியில் இரண்டு கைகளையும் வைத்துத் தட்டினாள். மூச்சு பட்ட இடம் வெளுத்தது. வெளுப்பு பரவியது. சுத்தியல் கையிலிருக்க, உடைக்காமல், பின்னால் நகர்ந்துகொண்டே போன அண்ணி மறைந்தாள். கேட் மறைந்தது. தெரு மறைந்தது. கண்ணாடியின் நான்கு மூலைகளும் வெளுத்து, நீர் கோத்து, கீழே வழியத் தொடங்கின.

நெஞ்சு ஏறியது ஏறியபடி நின்றது. மூச்சு வந்துகொண்டே இருந்தது. இன்னும் ஒரு தடவைகூட அவள் உள்ளே இழுக்கவில்லை.