திமிலின் பின்னிருக்கை

தோளில் தொடங்கும் வலி இடுப்புக்கு இறங்கி முழங்காலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டு ஷிப்ட்டு முடித்துத் துறைமுகத்தின் பழைய வாசலுக்கு வெளியே வரும்போது மாசிலாமணியின் கைவிரல்கள் மூட்டையைப் பிடித்த வாக்கிலேயே மடங்கியிருக்கும்; விரிக்கப் பார்த்தாலும் விரியாது. அதற்காக அவன் கவலைப்பட்டதில்லை. வெளியே அவனுடைய மோட்டார் சைக்கிள், திமில், நிற்கும். சாவியைத் திருகி, கைப்பிடிகளைப் பற்றி, அந்தப் பெரிய இஞ்சின் தொடைகளுக்கு நடுவில் உறுமத் தொடங்கினால் போதும். ரவுண்டானா வருவதற்குள் விரல் விரியும். உப்பளச் சாலையில் திரும்புவதற்குள் முழங்கால் அவனுடையதாகிவிடும்.

திமிலை ஏன் வாங்கினாய் என்று யாரைக் கேட்டாலும் வேகம் என்பார்கள், சத்தம் என்பார்கள், ரோட்டில் போனால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பார்கள். முதுகு வலிக்கிறது, அதனால் வாங்கினேன் என்று எந்த ஆம்பளை சொல்வான்? ஆனால் உண்மை அதுதான். அசதி என்பது தசையிலும் நரம்பிலும் தேங்கி நிற்கும் ஒருவகை மின்கசிவு என்றும், பலமான காந்தச் சுழல் ஒன்றை உடம்பைச் சுற்றி ஓடவிட்டால் அதை உருவி எடுத்துவிடலாம் என்றும் எவனோ கண்டுபிடித்தான். அந்தச் சுழலை ஓட்ட ராட்சத இஞ்சின் தேவைப்பட்டது. கட்டிலில் வைத்துப் பார்த்தார்கள், நாற்காலியில் வைத்துப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. சக்கரம் ஓடினால்தான் சுழல் பிடித்தது. அப்படித்தான் அயர்வீர்ப்பான் என்ற அந்தக் கருவி ஒரு மோட்டார் சைக்கிளுக்குள் போய்ச் சேர்ந்தது.

அதற்குப் பிறகு துறைமுகத்தில் மூட்டை தூக்கும் பொறிகள் ஒவ்வொன்றாக நின்றன. பொறிக்குக் கரன்ட்டு வேண்டும். உப்புக் காற்றில் துருப்பிடிக்கும். திமில் வைத்திருப்பவன் தினமும் காலையில் புது ஆளாக வந்து நிற்பான். ஒரு ஷிப்ட்டு இரண்டானது. ஆளுக்கு நூறு மூட்டை இருநூறானது. திமில் இல்லாதவனுக்கு வாசலிலேயே வேலை இல்லை என்றார்கள்.

கம்பெனி அதை ஒற்றை இருக்கையோடுதான் விற்றது. இருக்கைக்குப் பின்னால் கறுப்பாக ஒரு சல்லடைத் தகடு. உருவிய அசதி வெளியேறும் கழிவாய் அது. ஒற்றை இருக்கை வண்டியை வைத்துக்கொண்டு இந்த ஊரில் என்ன செய்வது? பொண்டாட்டியை எங்கே உட்காரவைப்பது? வாங்கிய மறுநாளே ஒவ்வொருவனும் வைகுண்டத்தின் வெல்டிங் பட்டறைக்குத்தான் ஓட்டி வந்தான். அவர் தகட்டின் மேல் இரண்டு கம்பி பற்றவைத்து, ரெக்சின் மெத்தை போட்டு, சக்கரத்தில் சேலை சிக்காமல் இருக்கப் பக்கத்தில் ஒரு வலையும் மாட்டிக் கொடுப்பார்.

தனியாக ஓட்டினால் அசதி பாதிதான் போகும். வீட்டுக்காரியை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போய் வந்தால் முழுசாகப் போய்விடும். இது மூட்டைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். ஏன் என்பதும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தார்கள்.

"அன்புதாம்லே அது" என்பான் ஒருவன் டீக்கடையில்.

"நேத்து அவகிட்ட நாலு ஏச்சு வாங்கிட்டுத்தான் ஏத்திட்டுப் போனேன். அப்பவும் வேலை செய்யுதே."

"ஏசுதவதாம்லே உண்மையா அன்பா இருப்பா."

மாசிலாமணியும் அப்படித்தான் நம்பினான். சாயங்காலம் அவன் வருகிற நேரத்துக்கு ஜெபக்கனி முகம் கழுவி, கனகாம்பரம் வைத்து, வாசலில் நிற்பாள். ஏறி உட்கார்ந்து அவன் முதுகில் கன்னத்தைச் சாய்த்துக்கொள்வாள். தோணித்துறை வரைக்கும் போய், கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். அந்த நேரத்தில் அவனுக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். பாட்டுகூட வரும். திரும்பி வந்ததும் அவன் தெருவில் பையன்களோடு பந்து விளையாடப் போவான். அவள் பாயைத் தேடுவாள்.

கல்யாணத்துக்கு முன்னால் ஜெபக்கனி உப்பளத்தில் கூடை சுமந்தவள். ஆம்பளைக்குச் சரியாகச் சுமக்கிறாள் என்று கங்காணியே சொன்னதைக் கேட்டுத்தான் அவன் பெண் கேட்டுப் போனான். அவள் எப்படி இப்படி ஆனாள் என்பது அவனுக்கு விளங்கவில்லை. பகலிலும் படுக்கை. உலை வைத்துவிட்டு அடுப்படியிலேயே தூங்கிவிடுவாள். அவள் அண்ணன் ஞானதுரை புதுவீடு குடிபோன அன்று, எல்லோரும் எச்சில் இலை எடுத்து அள்ளிப்போட்டுக்கொண்டிருக்க, அவள் மட்டும் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மாசிலாமணிக்கு மானம் போயிற்று.

"மச்சான், உந்தங்கச்சிக்கு இருந்து திங்கத்தான் தெரியும். இப்படி ஒரு சோம்பேறிய என் தலையில கட்டிட்டியளே" என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி. பந்தலே சிரித்தது. ஜெபக்கனியும் சிரித்தாள்.

பெரியாஸ்பத்திரிக்கும் கூட்டிப்போனான். டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"நெஞ்சு ரொம்ப வேலை பார்த்துத் தேஞ்சிருக்கு. மூட்டை தூக்குறாங்களா?"

மாசிலாமணி சிரித்துவிட்டான். "தூக்குதவன் நான்லா டாக்டர். இவ வீட்டுல சும்மாதான் இருக்கா."

அடுத்த வாரம் ஒருநாள் அவளால் எழுந்து வாசலுக்கு வர முடியாது என்று ஆகிவிட்டது. அன்றைக்கு வேலை முடிந்து தனியாகக் கிளம்பியவனைக் கிங்ஸ்டன் மறித்தான். கூட மூட்டை தூக்குகிற பையன், கல்யாணம் ஆகாதவன், மாடு மாதிரி இருப்பான்.

"அண்ணே, என் வண்டி வைகுண்டம் பட்டறைல கெடக்கு. அதுவரைக்கும் கொண்டுபோய் விடுங்க."

"ஏறு. ஆனா ஒம்மேல எனக்கு அன்பெல்லாம் கெடையாது, பாத்துக்க."

"எனக்கு மட்டும் இருக்காக்கும்."

பட்டறை வாசலில் இறங்கியபோது மாசிலாமணிக்கு உடம்பில் எந்த இடத்திலும் வலி இல்லை. பாதியல்ல, முழுதாகவே போயிருந்தது. அவன் அதை யோசித்து முடிப்பதற்குள் பின்னால் தொப்பென்று சத்தம் கேட்டது. கிங்ஸ்டன் இறங்கிய இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கப் பார்த்தான்; கால் நிற்கவில்லை.

"அண்ணே, ரெண்டு ஆளு மூட்டைய ஒத்தையில தூக்குன மாதிரி இருக்கு" என்றான்.

வைகுண்டம் முகத்திலிருந்த கறுப்புக் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

"வயசுப் பய. செத்த நேரம் படுத்தா சரியாயிரும்."

"ஒமக்குத் தெரியுமா அண்ணாச்சி?" என்று கேட்டான் மாசிலாமணி.

"அசதி காத்துல லேசுல கரையாது தம்பி. பாதிய வண்டியே திருப்பி ஒம்மேல கொட்டிரும். தகட்டு மேல இன்னொரு ஒடம்பு இருந்துச்சுன்னா எல்லாம் அதுல ஏறிக்கிடும்."

"ஏன் சொல்லல?"

"எவன் கேட்டான்? தனியாப் போனா பாதி, ஆளோட போனா முழுசுன்னு ஒங்க எல்லாருக்கும் தெரியும்லா. அந்த மிச்சப் பாதி எங்க போச்சுன்னு ஒருத்தனாவது கேட்டியளா?" செம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டே சொன்னார்: "எம் பொண்டாட்டிய நான் பஸ்ஸுலதான் அனுப்புதேன்."

கிங்ஸ்டன் மண்ணைப் பார்த்தபடி இருந்தான். "எங்கம்மாவ தெனமும் நாந்தான் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றான்.

மாசிலாமணி வீட்டுக்கு வந்து ஜெபக்கனியின் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னான். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் தகட்டிலிருந்து தொடங்கி, கம்பி பற்றவைத்தது, கிங்ஸ்டன் விழுந்தது என்று குழப்பிக் குழப்பிச் சொன்னான். அவள் மின்விசிறியையே பார்த்துக்கொண்டு கேட்டாள். அழுவாள் என்று நினைத்தான்.

"அப்ப நான் சோம்பேறி இல்லியா?" என்றாள்.

அவன் பாயில் பிரிந்திருந்த ஒரு கோரையை உருவினான்.

"எனக்கு என்ன வந்துச்சுன்னு நானே என்னைய வைவேன். மாதாகோயில் சாமியார்ட்ட போயி சோம்பல் பாவம்னு பாவசங்கீர்த்தனம் பண்ணியிருக்கேன். அவரும் அபராதம் குடுத்தாரு. முட்டி போட்டு ஜெபம் சொல்லி முடிக்க முன்ன தூங்கிட்டேன். அதுக்கும் போயிப் பாவசங்கீர்த்தனம் பண்ணுனேன்."

"ஏட்டி, எனக்குத் தெரியாதுட்டி."

"ஒங்களுக்குத் தெரியாது. சரி. அண்ணன் வீட்டுல வச்சுத்தான சொன்னிய? அங்கயே வந்து சொல்லுங்க. ஜெபக்கனி சோம்பேறி இல்லன்னு. மத்தது ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

"வார ஞாயித்துக்கிழமை போவோம்" என்றான்.

மறுநாள் காலையில் கிங்ஸ்டன் பஸ்ஸில் வந்து இறங்கினான். டீக்கடையில் இருந்த எல்லோருக்கும் அவனே சொன்னான். யாரும் பொய் என்று சொல்லவில்லை. டம்ளர்களைப் பார்த்தபடி இருந்தார்கள். கடைசியில் கூட்டத்தில் மூத்தவரான சூசை வாயைத் திறந்தார்.

"வீட்டுல சொல்ல வேண்டாம். பொம்பளைக ஏறலைன்னா இருநூறு மூட்டைய எவன் தூக்குவான்? மொதல்ல மூட்டைக் கணக்கக் கொறைக்கச் சொல்லிக் கேப்போம். அதுவரைக்கும் வாயப் பொத்திட்டு இருங்க."

யாரும் போய்க் கேட்கவில்லை. கிங்ஸ்டன் திமிலைத் தொடவில்லை. மாசம் திரும்புவதற்குள் அவன் மூட்டை குறைந்தது, மேஸ்திரி அவனை வாசலோடு நிறுத்தினார். அவன் அம்மா இப்போது கொல்லையில் துரட்டி போட்டு முருங்கைக்காய் பறிக்கிறாள் என்று கேள்வி.

மாசிலாமணி தனியாக ஓட்டினான். பாதி வலி மிச்சமிருந்தது. மறுநாள் அதன் மேல் புது வலி ஏறியது. "என்னவே, வயசாயிட்டா?" என்று மேஸ்திரி கேட்கத் தொடங்கினார். வீட்டில் ஜெபக்கனிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. தானே எழுந்து குளித்தாள். ஒருநாள் அவன் வந்தபோது வீடு முழுக்கக் கழுவிவிட்டு ஈரத்தரையில் நின்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டே பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போயின. ஒருவாரம் ஷிப்ட்டு என்றான். ஒருவாரம் மழை என்றான். ஞானதுரை வீட்டில் சொன்னால் ஞானதுரை பொண்டாட்டிக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரியும். தெருவில் நிற்பதெல்லாம் திமில்.

"இந்த வாரமாவது போவமா?" என்றாள் ஜெபக்கனி. அவன் முழங்காலுக்கு அவள் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை முன்னைப்போல அழுத்தமாக இருந்தது. "நீங்க படுத பாட்டப் பாத்தா நாளைக்கு ஒங்களையும் வாசலோட அனுப்பிருவாவ போல. வண்டியிலயே போவோம். நானும் பின்னாடி இருந்துக்கிடுதேன். ஒரு நாளுதான."

"வேண்டாம்ட்டி."

"நான் இப்ப நல்லாத்தான இருக்கேன்."

ஆட்டோ பிடித்திருக்கலாம். மாசிலாமணிக்கு அது தோன்றாமல் இல்லை. திங்கட்கிழமை இரண்டு ஷிப்ட்டு இருந்தது; அதுவும் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை அவன் வண்டியை வெளியே தள்ளினான். அவள் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்து ஏறினாள். இத்தனை வருஷம் அவளை ஏற்றியதெல்லாம் தெரியாமல். இது தெரிந்து.

பாலம் ஏறி இறங்குவதற்குள் அவன் இடுப்பு விட்டது. அடுத்து முழங்கால், அடுத்து தோள். வாரக்கணக்கில் சேர்ந்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் கழன்று போயிற்று. நடுவில் ஒருதடவை நிறுத்திவிடலாமா என்று நினைத்தான். முதுகில் அவள் கன்னம் முதலில் லேசாக இருந்தது. போகப் போகக் கனத்தது. தன் உடம்பு லேசாக ஆக ஆக அவன் கை தானாக ஆக்சிலேட்டரைத் திருகியது.

ஞானதுரை வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, பையன் மாதிரிக் குதித்து இறங்கினான். அவள் இறங்கவில்லை. இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள். உதடு வெளுத்திருந்தது. உள்ளேயிருந்து ஞானதுரை துண்டை உதறித் தோளில் போட்டபடி வந்தான். பின்னால் அவன் பொண்டாட்டியும் வந்து நின்றாள்.

"என்ன தங்கச்சி, வண்டியில இருந்து எறங்கக்கூடச் சோம்பலா?" என்று சிரித்தான்.

ஜெபக்கனி அண்ணனைப் பார்க்கவில்லை. மாசிலாமணியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. வாசலில் அவனுக்காக நிற்பாளே, அந்தப் பார்வைதான்.

"அவளுக்கு ஒடம்புக்கு முடியல மச்சான்" என்றான் அவன்.

அவள் கண்ணை மூடினாள். காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். அதே டாக்டரம்மா வெளியே வந்து, மூட்டை தூக்குகிறவர்களுக்குத்தான் நெஞ்சு இப்படி நின்றுபோகும் என்றார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் அடக்கத்துக்கு மாதாகோயிலுக்கு மூட்டைக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். திமில்கள் வரிசையாக நின்றன. பொண்டாட்டிமார்களையும் ஏற்றிக்கொண்டுதான் வந்திருந்தார்கள். சூசையின் மனைவி நிற்க முடியாமல் தூணைப் பிடித்தபடி தரையில் சரிந்து உட்கார்ந்தாள். "எங்க போனாலும் இருக்க எடம் தேடிருவா" என்று சூசை முனகினார்.

கல்லறைத் தோட்டத்துக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். வெயில் கொதித்தது. வழியில் கம்பெனி புதிதாக வைத்த பலகை ஒன்று உயரமாக நின்றது: பின்னிருக்கையோடு வரும் திமில், குடும்பத்தோடு போனால் அசதி முழுதும் போகும். மற்றவர்கள் தோள் மாற்றி மாற்றிச் சுமந்தார்கள். மாசிலாமணி மாற்றவில்லை. மாற்றத் தேவைப்படவில்லை. கல்யாண மாப்பிள்ளைக்கு இருக்கிற உடம்பு போல இருந்தது அவன் உடம்பு. எங்காவது ஒரு மூலையில் கொஞ்சம் வலிக்காதா என்று தேடினான். ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் அவள் வாங்கிக்கொண்டு போயிருந்தாள்.

மண் போட்டு முடிந்ததும் ஞானதுரை துண்டால் வாயைப் பொத்தி அழுதான். "கொஞ்சம் சோம்பேறியா இருந்தாலும் மனசுல கள்ளம் கெடையாதே எந்தங்கச்சிக்கு" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னான். மாசிலாமணி வாயைத் திறந்தான். எதிரே அத்தனை மூட்டைக்காரர்களும் நின்று அவன் வாயையே பார்த்தார்கள். அவர்களுக்குப் பின்னால் அவரவர் வீட்டுப் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நின்றார்கள். சூசை மெல்லத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

"ஆமா மச்சான்" என்றான் மாசிலாமணி.

ஜெபக்கனி சோம்பேறி இல்லை. இதை அவள் அண்ணன் முன்னால், நாலு பேர் கேட்க, அவன் சொல்லியிருக்க வேண்டும். அவள் கேட்டது அது ஒன்றுதான். அதை அவன் அவளுக்கு இன்னும் தரவில்லை.